அப்பாவின் புருவம்

அன்று காலை எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள்: நர்ஸ் ஜோவிட்டா, அவளுக்கு ஜூனியர் நர்ஸ் கிரெட்செல், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் செபல்லோஸ், இன்குபேட்டர்களில் ஆறு குழந்தைகள். ஆறாவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அட்டையில் குடும்பப் பெயரோடு ‘பகுன்சான், ஆண்’ என்று மட்டும் இருந்தது. குறைமாதத்தில், குடல் அடைத்துப் பிறந்தவன். ஒன்றரைக் கிலோகூட இல்லை. மறுநாளே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். இப்போது அவனுக்கு ஆறு நாள்.

மணிக்கொரு முறை வலிக்கு மதிப்பெண் போடவேண்டும். அழுகை, மூச்சு, கை, கால், முகம் என்று ஐந்து கட்டம். பகுன்சான் தொண்டையில் குழாய் இருந்தது. அழுதாலும் சத்தம் வராது. மூச்சை மெஷின் விட்டது. கைகாலை உதறத் தெம்பில்லை. மிச்சம் முகம். அதில் புருவங்களுக்கு நடுவே எப்போதும் இரண்டு கோடு.

அந்தக் கோட்டுக்கு அவன் அம்மா அராசெலிதான் காரணம் சொன்னாள். சிசேரியன் ஆகி மூன்றாம் நாள், கீழ் வார்டிலிருந்து முதல்முறை மேலே வந்தபோது.

“அப்பன மாதிரியே முறைக்கிறான் பாருங்க மேடம். சோறு குழைஞ்சிட்டா அவரும் இப்படித்தான் மூஞ்சிய வெச்சுக்குவாரு.”

அப்பன் சரக்குக் கப்பலில் வேலை. அப்போது எங்கோ நடுக்கடலில் இருந்தான். அராசெலி போட்டோ எடுத்து அனுப்பினாள். ஜோவிட்டாவும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு முகத்துக்கும் பூஜ்யம் போட்டாள். அது அவன் முகம்தானே. இரவு ஷிஃப்ட்காரிகள் அவள் பூஜ்யத்தைப் பார்த்துப் பூஜ்யம் போட்டார்கள். வரிசையாகப் பூஜ்யங்களைப் பார்த்த டாக்டர், வலிக்குக் கொடுத்துவந்த மார்ஃபினை நான்காம் நாள் பாதியாக்கினார். நேற்று நிறுத்திவிட்டார்.

கிரெட்செல் ரத்தம் எடுக்க அவன் குதிகாலில் குத்தினாள்.

“நீங்க பாத்துக்கற பையன் சமத்து, அக்கா. குத்தினாகூட காலை இழுக்க மாட்டேங்கிறான். எனக்குக் குடுத்திருக்கறது மீன்காரி மாதிரி கத்துது.”

கால் அசையவில்லைதான். ஆனால் விரல்கள் ஐந்தும் விரிந்து அப்படியே விறைத்து நின்றன. ஜோவிட்டா திரையைப் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறில் இருந்த இதயத் துடிப்பு இருநூற்றொன்றுக்கு ஏறியிருந்தது. சும்மா கிடக்கும் குழந்தைக்கு நூற்றறுபதைத் தாண்டக் கூடாது.

சார்ட்டைப் புரட்டினாள். வலி: 0. பக்கத்துக் கட்டத்தில் துடிப்பு: 194. வலி: 0. துடிப்பு: 199. இரண்டும் அவள் கையெழுத்து. மூன்று நாளாக ஒரு கட்டத்துக்கு அடுத்த கட்டத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறாள்.

“டாக்டர், இதெல்லாம் நான் தப்பா போட்டது.”

செபல்லோஸ் பக்கம் பக்கமாகப் பார்த்தார். “அவனுக்கு இழுக்கத் தெம்பு இல்ல, ஜோவிட்டா. அதுக்காக வலி இல்லன்னு ஆயிடுமா?” பேனாவை எடுத்தபடி, “நானும்தான் பூஜ்யத்த மட்டும் பாத்திருக்கேன்” என்றார். மார்ஃபினை மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முக்கால் மணி நேரத்தில் துடிப்பு நூற்று நாற்பத்தாறுக்கு இறங்கியது. விரல்கள் மடங்கின. பிறகு அந்த இரண்டு கோடும் போய்விட்டன. அடியில் இருந்தது வழவழவென்ற வேறொரு நெற்றி.

பத்து மணிக்கு அராசெலி தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். போட்டோ எடுக்கப் போனைத் தூக்கியவள் இறக்கினாள்.

“என்னாச்சு மேடம்? கோட்டக் காணோம்?”

“நல்லாத் தூங்குறான், அதான்” என்றாள் கிரெட்செல் அவசரமாக.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

“தூக்கத்தால இல்ல” என்றாள் ஜோவிட்டா. “வலிக்கு மருந்து போட்டிருக்கோம். அந்தக் கோடு அவங்க அப்பாவோடது இல்ல, அராசெலி. வலி. மூணு நாளா வலிச்சிருக்கு. வலி இல்லன்னு நான்தான் எழுதினேன். அத வெச்சுத்தான் மருந்த நிறுத்தினாங்க.”

அராசெலி இன்குபேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் வயித்துலதான் தையல்” என்றாள். “கேக்காமலே ஆறு மணிக்கொரு தடவ மாத்திர குடுத்தாங்க.”

ஜோவிட்டா சார்ட்டை மூடினாள்.

“அந்தப் போட்டோவ அவரு கப்பல்ல எல்லார்கிட்டயும் காட்டியிருக்காரு. என் புருவம்னு.” போனைப் பையில் போட்டாள். “இப்ப வலிக்குதா?”

“குறைஞ்சிருக்கு. மணிக்கொரு தடவ நான் பாத்துக்கறேன்.”

“நீங்களா.”

கத்தவில்லை. கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. மேசையிலிருந்து காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு, பால் பீய்ச்சும் அறையை நோக்கித் தையலைப் பிடித்தபடி மெதுவாக நடந்தாள். ஜோவிட்டா பின்னாலேயே போனாள். என்ன சொல்வதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.