வெளி வால்வு

ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள் சாயோகோ. சமையலறைச் சுவர்க்குழாயின் தலை அசைந்து கொடுக்கவில்லை.

"இடப்பக்கம்." அடுத்த அறைக் கட்டிலிலிருந்து அவள் கணவர் கென்சோ ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கிச் சொன்னார். "வெளி வால்வை மூடினியா?"

"மூடிட்டேன்."

"முழுசா? துருப்பிடிச்சது அது. பாதியிலயே நிக்கும்."

"முழுசாத்தான்."

மூன்று நாளாகக் குழாய் சொட்டும் சத்தம் அவரைக் கண்மூட விடவில்லை. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றால், கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் குழாய் மாட்டியவன் வீட்டுக்கு ஒரு வாஷர் போட வெளியாளா என்று சீறினார். நுரையீரல் இரண்டும் கைவிட்ட மனிதர். இனி சில நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எதுக்கும்... இன்னொரு தடவை... போய்ப் பாரு."

"வாயை மூடிக்கிட்டுப் படுங்களேன்! நாப்பது வருஷமா இதே தொல்லை!"

குழாய்த் தலை சட்டென்று சுழன்று கழன்றது. தண்ணீர் முகத்தில் அறைந்தது. கட்டைவிரலால் அடைத்தாள், கூரைவரை பீய்ச்சியது.

"ஏங்க! என்ன செய்ய?"

பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள்.

"சரி, நீங்க சொன்னதுதான் சரி, போதுமா? சொல்லித் தொலைங்க!"

வெறுங்காலோடு வெளியே ஓடி, வாசலோரத் தரைக்குழியின் மூடியைத் தூக்கி, உள்ளங்கைத் தோல் உரிய வால்வைத் திருகினாள். திரும்பியபோது ஆக்ஸிஜன் இயந்திரத்தின் முனகல் மட்டும் கேட்டது. கென்சோ சமையலறைப் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

டாக்டரும் நர்ஸ் ஹிராமட்சுவும் வந்தார்கள்.

"எத்தனை மணிக்கும்மா மூச்சு நின்னது?" என்றார் டாக்டர்.

"குழாயைக் கழட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு கிளம்பினார்.

"உடம்பைத் துடைக்கணும். வெந்நீர் வேணுமே" என்றாள் ஹிராமட்சு.

சாயோகோ எழுந்து போனாள். நடுவில் குழிந்து தேய்ந்திருந்த பழைய வாஷரை நெம்பி எடுத்தாள். புதியதை வைத்துத் தலையை முறுக்கினாள். வெளியே போய் வால்வைத் திறந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. வெந்நீருக்கான கெண்டி நிறைந்தது.

"முகத்தை நீங்களே துடைங்க" என்று நனைத்துப் பிழிந்த துண்டைக் கொடுத்தாள் ஹிராமட்சு.

நெற்றி, கண், கன்னம் என்று துடைத்தாள். அவளுடைய ஈரக் கூந்தலிலிருந்து ஒரு துளி அவர் கன்னத்தில் விழுந்தது. ஒற்றி எடுத்தாள். இன்னொன்று விழுந்தது.

"முதல்ல உங்க தலையைத் துவட்டுங்கம்மா" என்று உலர்ந்த துண்டொன்றை நீட்டினாள் ஹிராமட்சு.

அதை வாங்கி, அதனாலும் அவர் கன்னத்தையே துடைத்தாள்.