ஏழாவது அறையின் நீள அகலம்

பல்கலைக்கழக விடுதியின் காத்திருப்போர் பட்டியலில் என் தங்கை மகளுக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது இடம். முறை வருவதற்குள் அவளுக்கு முதியோர் சலுகையே கிடைத்துவிடும். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் தான் சொன்ன வாடகைத் தொகையில் ஓர் இடம் அமையாவிட்டால் படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வீட்டோடு இரு என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். ஆகவே சனிக்கிழமை விடிந்ததிலிருந்து நாங்கள் இருவரும் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்தோம். முப்பத்தாறு வருடம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்றும் அளக்கிற டேப் என் பையைவிட்டு இறங்கவில்லை.

முதல் அறையில் மூச்சை இழுத்தால் எதிர்ச்சுவர் வந்து மூக்கில் ஒட்டியது. மூன்றாவதில் குளியலறைக்குப் போகக் கட்டிலை நிமிர்த்த வேண்டும். ஐந்தாவதில் ஜன்னல் எங்கே என்று கேட்டால், தரகர் ஒரு காலண்டரைக் காட்டி, "கடலே தெரியுது பாருங்க சார்" என்றார். ஒவ்வொன்றையும் அளந்து, விளம்பரத்துக்கு எத்தனை அடி குறைகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஆறு வீட்டுக்காரர்களும் வாசல்வரை வந்து எங்களை அனுப்பிவைத்தார்கள்.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அடுத்த வீட்ல அந்த டேப்பை எடுக்காதீங்க."

"அளக்காம எப்படிம்மா? பத்துக்குப் பத்துன்னு எழுதுவான், உள்ள போனா தீப்பெட்டி!"

ஏழாவது அறையில் காற்று, வெளிச்சம், அவள் அப்பா சொன்ன தொகைக்குள் வாடகை. வீட்டுக்கார அம்மாள் சாவியை நீட்டியேவிட்டார். என் கை சும்மா இருக்குமா?

"அடடே, பத்துக்குப் பத்துன்னீங்க! பத்துக்குப் பதினாலரை இருக்கே!"

நீட்டிய சாவி பின்வாங்கியது.

"அப்படியா சார்? இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே. அப்ப வாடகை ஒன்றரை மடங்கு ஆகுமே."

தங்கை மகள் என்னைப் பார்த்த பார்வையில் டேப் தானாகச் சுருண்டுகொண்டது.

"ஆன்ட்டி, அவ்வளவு இடம் இருந்தா ரெண்டு கட்டில் போடலாமே? கீழ ஒரு பொண்ணு அவங்கப்பாவோட நிக்குது. அவங்களும் காலையிலேருந்து அலையுறாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நீங்க கேக்கறதைத் தர்றோம்."

அம்மாள் யோசித்து முடிப்பதற்குள் அவள் கீழே ஓடி அந்தப் பெண்ணை இழுத்து வந்துவிட்டாள். சாவி கைமாறியது. அவள் பங்கு போக, அப்பா சொன்ன தொகையில் கால்வாசி மிச்சம்.

எல்லாம் என் டேப்பின் மகிமை என்று நான் வாயெடுப்பதற்குள் அவள் போனில் இருந்தாள்.

"அப்பா, ரூம் கிடைச்சிடுச்சு. ஆமாப்பா... மாமா கூட வந்தும் கிடைச்சிடுச்சு."