சக்கரம் வைத்த வீடு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் அரசாங்க நிலம் வேண்டுகிறவன், கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு ஒன்று அதில் நிற்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். மரமும் கண்ணாடியும் கிடைக்காத இடம். அதனால் என் கணவர் லைசாண்டர் ப்ரூவிட் எங்கள் வீட்டுக்குச் சக்கரம் மாட்டினார். எருதுகள் அதை இழுத்துப்போய் ஒருவன் நிலத்தில் நிறுத்தும். அவன் சத்தியம் செய்து பத்திரம் வாங்கியதும் அடுத்தவன் நிலத்துக்குப் புறப்படும். கைமாறாக நிலத்தில் ஒரு பங்கும் சட்டசபைத் தேர்தலில் ஓட்டும் அவருக்கு. உள்ளே நான் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பேன். காலையில் ஜன்னலில் தெரிந்த குன்று மத்தியானம் இருக்காது.

ஓடைக்கரை மேட்டில் நின்றபோது வாசலில் ஆப்பிள் விதை ஊன்றினேன். அது முளைப்பதைப் பார்க்க வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இல்லை. அவரிடம் சொன்னேன். ஆப்பிள் எங்கேயும் முளைக்கும், நாளைக்கு வீடு கிளம்புகிறது என்றார்.

அதற்குள் வழக்கு வந்தது. தேர்தலில் எதிர்த்து நின்ற ஹைரம் டாகெட், ப்ரூவிட்டுக்கு மாவட்டத்தில் வீடே இல்லை, அவர் நிற்கக்கூடாது என்றார். நீதிபதி மேட்டுக்கே வந்து எங்கள் பீப்பாய்மேல் உட்கார்ந்தார். ஊரே கூடியது.

"இந்த வீடு யாரோடது?" என்று கேட்டார் நீதிபதி.

ப்ரூவிட்டுடையது என்றால் எல்லோர் சத்தியமும் பொய்யாகும், நிலம் போகும். முன்னால் நின்ற ஒருவன், "என்னோடதுங்கய்யா" என்றான்.

"அப்ப என்னோடது எதுடா?" என்றான் பின்னால் நின்றவன்.

பிறகு எல்லோரும் கை தூக்கினார்கள். நீதிபதி என் கணவரைப் பார்த்தார். தன் வீடு என்று அவர் சொன்னால் ஓட்டுப்போட ஒருவனும் மிஞ்சமாட்டான்.

"எனக்கு வீடு கிடையாதுங்கய்யா. ஜனங்க மனசுலதான் குடியிருக்கேன்."

தொப்பிகள் பறந்தன. நீதிபதியும் இதே ஜன்னலைக் காட்டிச் சத்தியம் செய்தவர்தான். ஜனங்கள் மனசையே விலாசமாக ஏற்றுக்கொண்டார்.

கைதட்டல் ஓய்வதற்குள் நான் பின்பக்கம் போய், அச்சாணிகளைத் தட்டிக் கழற்றினேன். வீடு ஒரு முனகலோடு தரையில் உட்கார்ந்தது. கோடரி எடுத்துச் சக்கரங்களைப் பிளந்தேன். தடுக்கிறவன் மட்டும்தான் வீட்டுக்காரன் என்றாகி மற்றவர் சத்தியமெல்லாம் பொய்யாகிவிடும், ஒருவரும் அசையவில்லை.

"ஹெப்ஸிபா, என்ன பண்றே?" என்று ஓடி வந்தார் கணவர்.

"ஏங்க, உங்க வீடா?"

வாய் திறந்தார், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

சாயங்காலம் சக்கரக் கட்டை எரிந்த அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்தக் கதவையும் தட்டி நான் கேட்டதில்லை. உடனே திறக்காமல் நின்றேன். கோபத்தால் அல்ல, அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை தட்டினார்.

"உள்ள வரலாமா?"

"வாங்க. பாத்து, ஓரமா வாங்க. விதை போட்டிருக்கேன்."