நீலப் புத்தகத்தின் ஓரம்

கட்டிலுக்கு அடியில் குனிந்து, மருந்து டப்பாக்களை நகர்த்தி, தலையணை உறைக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள் தங்கை. கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. கூடப் பிறந்தவர் விடியற்காலையில்தான் கண்ணை மூடியிருக்கிறார், இவள் என்னடா என்றால் ஒரு புத்தகத்தைத் தேடி அறையைக் குடைகிறாள். யார் என்ன நினைத்தாலும் சரி, அந்த நீலப் புத்தகத்தை இப்போதே எங்காவது ஒளித்தாக வேண்டும். வாசலில் சோடாபுட்டி செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

சோடாபுட்டி என்பது அவருடைய கண்ணாடிக்காக அண்ணன் வைத்த பெயர். பன்னிரண்டு வருஷம் அண்ணனுக்குப் பக்கத்து மேசை. ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகளை ஓட்டுகிற மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. உள்ளே இணையம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கைப்பேசியைக்கூட வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சந்தேகம் வந்தால் புத்தகம்தான் கதி. அந்த மென்பொருளை எழுதியிருந்த பழைய நிரல்மொழிக்கு ஒழுங்கான புத்தகம் ஒன்றே ஒன்று, ஆயிரத்துச் சொச்சம் பக்கம், நீல அட்டை. அச்சிட்டவர்களே அதை மறந்து இருபது வருஷமாகிறது. அண்ணன் அதைச் சாப்பாட்டுப் பையோடு தினமும் சுமந்து போவார், சுமந்து வருவார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புத்தகம் ஒன்று சொல்லும், அலுவலகத்தின் கிழட்டுக் கம்ப்யூட்டர் வேறொன்று செய்யும். அது உண்மையில் செய்வதையெல்லாம் அண்ணன் பென்சிலால் பக்க ஓரத்தில் எழுதி வைப்பார். நிரலில் விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் 'பக்கம் 612, ஓரம்' என்று ஒரு வரி மட்டும் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

தங்கையும் மென்பொருள் எழுதுகிறவள்தான். அவள் கத்தாத நாளில்லை.

"உருப்படுமா அண்ணா இது? விளக்கம் முழுக்க உன் சாப்பாட்டுப் பையில இருக்கு. நீ லீவு போட்டா என்ன பண்ணுவாங்க?"

"போன் பண்ணுவாங்க. நான் பக்கத்தைப் புரட்டிப் படிச்சுக் காட்டுவேன்."

"எங்க ஆபீஸ்ல எது வேணும்னாலும் தேடினா ரெண்டு செகண்ட், தெரியுமா?"

"உனக்கு ரெண்டு செகண்ட்ல கிடைக்குது, மூணாவது செகண்ட்ல மறந்துபோகுது," என்று அண்ணன் சிரிப்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தார்கள். ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்று போட வேண்டியிருந்தது. அறையில் இடமில்லை. தங்கைதான் முன்னால் நின்று இரண்டு அலமாரியைக் காலி செய்தாள். கதைப் புத்தகங்களை ஒரு பெட்டியில் பத்திரமாகக் கட்டி வைத்தாள். கம்ப்யூட்டர் புத்தகங்களை, இதையெல்லாம் இனிமேல் எவன் படிக்கப் போகிறான் என்று தன் காரிலேயே ஏற்றிக்கொண்டுபோய் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்தாள். எது எதுவென்று திறந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி!

ஒரு மாதம் முன்பு, அண்ணன் கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு காலையில் கேட்டார்.

"பாப்பா, அந்த நீலப் புத்தகத்தை எடு. ஆபீஸ்ல பாவம், தவிக்கிறாங்க."

போட்டுவிட்டேன் அண்ணா என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "அது... உன் சோடாபுட்டி வந்து வாங்கிட்டுப் போனாரே. நீ தூங்கிட்டிருந்தே."

"அப்படியா," என்றார் அண்ணன்.

அன்றைக்கே பேப்பர் கடைக்கு ஓடினாள். எல்லாம் எப்போதோ காகித ஆலைக்கு அரவைக்குப் போயிருந்தது. அப்புறம் ஒன்பது நாள் பேயாக அலைந்தாள். அவள் பெருமையடித்த இணையத்தில் அந்தப் புத்தகத்தின் அட்டைப் படம் இருந்தது, முதல் முப்பது பக்கம் இருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. பிந்திய பதிப்பு கிடைத்தது, பக்க எண்கள் வேறு. கடைசியில் எங்கோ மூடிப்போன ஒரு கல்லூரியின் நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகங்களுக்கு நடுவில் அதே பதிப்பு, யாருமே தொடாத பிரதி, கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்தாள்.

"சோடாபுட்டிகிட்ட திருப்பி வாங்கிட்டேன்."

அண்ணன் வாங்கி நடுவில் பிரித்தார். கட்டைவிரலால் வெறும் ஓரத்தை மேலிருந்து கீழே தடவினார்.

"நல்லா பத்திரமாத்தான் வெச்சிருந்திருக்கான்," என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் வந்தாள், தினமும் பழச்சாறு பிழிந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

இப்போது சோடாபுட்டி அறை வாசலில் நின்றார். அழுதிருப்பார் போல, கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார்.

"இந்த நேரத்துல கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. சார் புத்தகம்..."

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல ஒண்ணும் இல்லைங்க. அது அண்ணனோடது இல்ல. அவர் எழுதினதை நான் பேப்பர் கடைல போட்டுட்டேன். உங்க மேல பழியைப் போட்டு, வேற ஒண்ணை வாங்கிக் குடுத்து அவரை ஏமாத்தினேன். சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது."

சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நான் வாங்கிட்டுப் போனேன்னு நீங்க சொன்னீங்கல்ல, அன்னைக்கே சார் எனக்குப் போன் பண்ணிட்டார். நான் வாங்கவே இல்லையே சார்னேன். அப்புறம், 'யாராவது கேட்டா வாங்கினேன்னே சொல்லிடுய்யா'ன்னார்."

"அப்பவேவா?" என்றாள் தங்கை.

"நீங்க வேற பிரதி கொண்டு வந்து குடுத்ததும் மறுபடி கூப்பிட்டார். 'நிரல்ல ஓரம்னு நான் எங்கெல்லாம் போட்டிருக்கேனோ அந்தப் பக்கமெல்லாம் சொல்லு'ன்னார். மொத்தம் பத்தொன்பது. ஞாபகத்துல இருக்கறதைத் திருப்பி எழுதறேன்னார்." அவர் தயங்கினார். "கை நடுங்குதுன்னு சொல்லுவார். தங்கச்சியும் இதே வேலைதானே, நீங்க சொல்லச் சொல்ல அவங்க எழுதலாமேன்னு நானும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'வேண்டாம்யா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சுடும். அழும்'னார்."

அறைக்குள் அண்ணி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பீரோவைத் திறந்து, மடித்த போர்வைகளுக்கு நடுவிலிருந்து நீலப் புத்தகத்தை உருவித் தங்கையின் கையில் வைத்தாள்.

"இதைத்தானே தேடுற? நேத்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் வேலை. நீ வண்டியை நிறுத்தற சத்தம் கேட்டா போதும், ஒளி ஒளின்னு பறப்பார். ஏதோ உங்க ஆபீஸ் ரகசியம்னு நினைச்சேன்."

இந்த மூன்று வாரமும் தினமும் இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டு இருந்தாள் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நாளில் பத்தொன்பதையும் எழுதி முடித்திருக்கலாம். அண்ணன் சொல்ல, அவள் எழுத, நடுநடுவே சண்டை போட்டுக்கொண்டு.

புத்தகத்தில் ஒரு மருந்துச் சீட்டு செருகியிருந்தது. அதன் பின்பக்கத்தில் பத்தொன்பது பக்க எண்கள் வரிசையாக இருந்தன. முதல் பன்னிரண்டு எண்களுக்குப் பக்கத்தில், எழுதி முடித்த அடையாளமாகப் பென்சில் கோடு போட்டிருந்தார்.

"பன்னிரண்டு கிடைச்சாலே எங்களுக்குப் பெரிசு," என்றார் சோடாபுட்டி. "கொண்டு போகலாமாம்மா?"

"இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும். நானே கொண்டு வரேன்."

கூடத்திலிருந்து யாரோ, "நேரமாச்சு, வீட்டு ஆளுங்க வாங்க," என்று குரல் கொடுத்தார்கள். அண்ணியும் சோடாபுட்டியும் போனார்கள். தங்கை பதின்மூன்றாவது எண்ணைப் பார்த்தாள். 612. பிரித்தாள். ஓரத்தில் ஒன்றரை வரி, கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே போய், ஒரு சொல்லின் பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே பக்கம் முடியும் வரை வெறும் ஓரம்.

நடு மடிப்பில், அண்ணன் எழுதி எழுதி அழித்த ரப்பர் துகள் கொஞ்சம் தங்கியிருந்தது. ஊதிவிடக் குனிந்தவள், ஊதாமல் புத்தகத்தை மெதுவாக மூடினாள்.