மைத்துனன் பெயரில் ஒரு நுரையீரல்

காலை ஐந்தரை மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆய்வாளர் தம் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பார். இடது உள்ளங்கையை விலாவின் மேல் பரப்பி வைத்து, வலது நடுவிரலால் அதன் மேல் ஒரு தட்டு. மேலிருந்து கீழே, முதலில் வலப்புறம், பிறகு இடப்புறம். வெளியே சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுத்தான் தட்டுவார். குழாய்ச் சத்தத்தில் தட்டுகிற சத்தம் அவருக்கே சரியாகக் கேட்காது. அதனால் மறுநாளும் தட்ட வேண்டியிருக்கும்.

முப்பத்தொரு வருடம் ஆலைகளின் கொதிகலன்களை ஆய்வு செய்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் ‘ஆய்வாளர்’ என்பதே பெயராக நின்றுவிட்டது. ஆறிய கொதிகலனுக்குள், ஆள் நுழையும் ஓட்டை வழியாகத் தலையை விட்டு, தோளைச் சுருக்கி, புகைக்கரிக்குள் இறங்கிச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு தகடாகத் தட்டுவார். நல்ல தகடு ‘ணங்’ என்று பதில் சொல்லும். உள்ளே அரித்துப்போன தகடு ‘தொப்’ என்னும். கண்ணை விடக் காதை நம்பிய மனிதர். காகிதத்தை அவர் என்றைக்குமே நம்பியதில்லை. எத்தனையோ காகிதங்களில் ‘குறை ஏதும் இல்லை’ என்று தம் கையாலேயே எழுதியவர் ஆயிற்றே.

அவருடைய அப்பா அறுபத்து மூன்றாவது வயதில் காலமானார். கடைசி எட்டு மாதம் இருமி, கைக்குட்டையை நாலாக மடித்து மடித்து மறைத்து, மெலிந்து போனார். ஆனால் உறவினர்களுக்குப் போன கடிதங்களில் ‘இதயம் நின்று காலமானார்’ என்றே இருந்தது. எழுதியவர் ஆய்வாளர்தான். அந்தக் குடும்பத்தில் நாலு பேர் பார்க்க யாரும் நோயில் படுத்ததில்லை. அந்தப் பெருமையை இருமலுக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பொய் எழுதியதாகவும் அவர் நினைக்கவில்லை. கடைசியில் எல்லோருக்கும் நிற்பது இதயம்தானே!

இப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயதும் எட்டு மாதமும். சென்ற மழைக்காலத்தில் தொடங்கிய வறட்டு இருமல் ஒன்று கூடவே இருந்தது. பீடி, சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் முப்பத்தொரு வருடக் கரி உள்ளே போயிருக்கிறது. ஒரு நாள் மனைவியிடம் ஓய்வூதிய அலுவலகம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருந்து மாறி, ஊரின் மறுகோடியில் இருந்த நெஞ்சக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

“பேர் சொல்லுங்க” என்றாள் முகப்பில் இருந்த பெண்.

பின்னால் இருபது பேர் நின்றார்கள். அதில் ஒருவர் தெரிந்த முகம் போல இருந்தார். ஆய்வாளரின் நாக்கு அவரைக் கேட்காமலேயே மனைவியின் தம்பி பெயரைச் சொல்லிவிட்டது. “வயசு?” என்றதற்கும் தயக்கமில்லாமல் அவன் வயதையே சொன்னார்: “அம்பத்தாறு.” அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் அது பொருத்தமான பெயர்தான். மைத்துனன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். காரின் இடது இருக்கையில் சாய்ந்து, ஒரு காலைத் தன் பக்கத்து பிரேக்கின் மேலும், ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே சிகரெட்டோடும் வைத்துக்கொண்டு முப்பது வருடமாக ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். அவன் பெயரில் நெஞ்சு நோய் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆய்வாளர் பெயரில் என்றால் கதையே வேறு.

எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தம். மனம் கேட்காமல் ஸ்கேனும் எடுத்துக்கொண்டார். அதுவும் சுத்தம். ஆறு மாதம் கழித்து, படம் எடுத்த மறுநாளே ஏதாவது முளைத்திருந்தால் என்ற யோசனையில் இன்னொரு ஸ்கேன். மருத்துவர் இளம் வயது; பொறுமைசாலி. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார்.

“பாருங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு.”

“படம்தானே டாக்டர். உள்ள இறங்கி யாரும் பார்க்கலையே.”

“உள்ள இறங்கிப் பார்க்க நீங்க என்ன கிணறா? இருமல் வயித்துப் புளிப்பால வருது. மாத்திரை தர்றேன். பயத்துக்கு என்கிட்ட மருந்து இல்ல.”

“எனக்கு எதுக்கு பயம்? ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.”

மூன்று அறிக்கைகளையும் பழைய கருவிப் பையில், சுத்தியலுக்கு அடியில் ஒளித்து வைத்தார். பணியில் இருந்த காலத்திலேயே அந்தப் பையை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.

மனைவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்காட்டி மாட்ட ஆணி அடிக்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் காலை நடைக்குப் போயிருந்தார். சுத்தியலை எடுக்கப் போனவள், அடியில் இருந்த உறையைப் பிரித்தாள். நெஞ்சக மருத்துவமனை, அதன் கீழே தம்பியின் பெயர். ஒன்றல்ல, மூன்று. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. ஆணியும் கையுமாக ஆட்டோ ஏறினாள்.

ஆய்வாளர் தகவல் கேட்டு மைத்துனன் வீட்டுக்கு ஓடியபோது, அங்கே அழுகை பாதி முடிந்திருந்தது.

“அக்காகிட்ட சொல்லணும்னு தோணலையாடா உனக்கு? இவர் மட்டும்தான் மனுஷரா?” என்று மனைவி தம்பியின் தோளில் குத்திக்கொண்டிருந்தாள். பிறகு ஆய்வாளரைப் பார்த்து, “ஏங்க, என் தம்பிக்காக இவ்வளவு அலைஞ்சிருக்கீங்களே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்று கண்ணைத் துடைத்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

மைத்துனன் மனைவி அறிக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். “எல்லாம் நல்லா இருக்குன்னுதானே போட்டிருக்கு? ஒரு வருஷமா டாக்டரைப் பாருங்கன்னு தலையில அடிச்சுக்கறேன். மூணு தடவை போயிட்டு வந்து வாயைத் திறக்கலையே இந்த மனுஷன்!”

மைத்துனன் தாளை வாங்கினான். தன் பெயரைப் படித்தான். தேதியைப் படித்தான். ஆய்வாளர் முகத்தைப் படித்தான். தெருவில் குறுக்கே வரும் மாட்டை, அது நினைப்பதற்கு முன்பே கண்டுபிடித்து பிரேக் போடுகிறவன் அவன். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

“ஆமா. அத்தான்தான் கூட்டிட்டுப் போனாரு” என்றான். “உங்களையெல்லாம் பயமுறுத்த வேண்டாம்னுதான் சொல்லல.”

பெண்கள் உள்ளே போனதும் இருவரும் மாடிக்கு ஏறினார்கள். மைத்துனன் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

“என்ன அத்தான், உங்க நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. வாழ்த்துகள்.”

“மெதுவாப் பேசு மாப்பிள்ளை.”

“ஏன் பதறுறீங்க? உங்க மானம் என்கிட்ட பத்திரமா இருக்கும். நீங்களும் கொஞ்சம் உதவி பண்ணுங்க. இனிமே இவ டாக்டர் டாக்டர்னு ஆரம்பிச்சா, ‘அதான் பார்த்தாச்சே’ன்னு ஒரு வார்த்தை போடுங்க. போதும்.”

“நீ உண்மையிலேயே ஒரு தடவை பார்த்துட்டா என்ன?”

“எதுக்கு? எனக்குத்தான் மூணு தடவை பார்த்தாச்சே!” என்று சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது.

மறுவாரமே அறிக்கையின் நகல் ஒன்று அவன் காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. ஓட்டப் பழக வந்தவர்கள் புகைக்கு முகம் சுளித்தால் எடுத்துக் காட்டுவான். “டாக்டரே சொல்லிட்டாரும்மா. கண்ணாடி மாதிரி இருக்காம். நீ ரோட்டைப் பாரு.”

ஆய்வாளருக்கு அந்தக் காகிதம் சோற்றில் கல்லாகக் கடித்தது. ஒவ்வொரு கொதிகலனுக்கும் ஒரு பதிவுத் தகடு உண்டு. அதில் இருக்கும் எண் அந்தக் கொதிகலனுக்கு மட்டுமே சொந்தம். சோப்பு ஆலைக்காரன் ஒருவன் நல்ல கொதிகலனின் தகட்டைக் கழற்றி விரிசல் விட்ட கொதிகலனில் அறைந்திருந்தான். சுத்தியலால் ஒரே தட்டில் அதைக் கண்டுபிடித்து, ஆலையின் வாசலையே இழுத்துப் பூட்டினார் ஆய்வாளர். எங்கெங்கிருந்தோ தொலைபேசி வந்தது. “வெடிச்சா சாகறது நீங்க இல்ல, நெருப்புப் போடறவன்” என்று சொல்லி வைத்துவிட்டார். பணிக்காலத்தில் அவர் தலைநிமிர்ந்து சொல்லிக்கொண்ட கதை அது ஒன்றுதான். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு வேடிக்கையும் நடந்தது. மைத்துனனின் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியதிலிருந்து அவருடைய சொந்த இருமல் குறைந்துகொண்டே வந்தது. அதையும் அவர் கெட்ட அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் மைத்துனனும் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். இலேசான பேச்சு, கேலி. பாதிச் சாப்பாட்டில் மைத்துனன் இருமினான். ஆய்வாளரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவருக்குப் பழக்கமான சத்தம் அது. ‘தொப்.’

மைத்துனன் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து, பார்த்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ஒரு நொடிதான். அப்படி மடித்த இன்னொரு கையை எட்டு மாதம் பார்த்தவர் ஆய்வாளர்.

“இந்த இருமல் போகவே மாட்டேங்குதே” என்றாள் மைத்துனன் மனைவி. “இன்னொரு தடவை காட்டிட்டு வந்தா என்ன? நீங்க சொல்லுங்கண்ணா.”

மைத்துனன் அவரை நிமிர்ந்து பார்த்தான். ‘அதான் பார்த்தாச்சே’ என்ற வார்த்தைக்குக் காத்திருந்தான்.

“அவனுக்குப் பார்க்கவே இல்லம்மா” என்றார் ஆய்வாளர்.

“அத்தான்!”

“அந்த மூணும் என்னோட நுரையீரல். பேர் மட்டும்தான் இவனோடது.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்களுதா? அப்போ அன்னைக்கு ஆட்டோவுல நான் அழுதுட்டே போனது யாருக்காக?”

“எனக்காக. தெரியாமலே அழுதிருக்கே.”

“உங்களுக்கு என்னங்க வியாதி?”

“ஒண்ணும் இல்லையாம்.”

“இல்லாத வியாதியை மறைக்க என் தம்பி பேரா கிடைச்சுது உங்களுக்கு? உங்களுக்கு ஒரு தம்பி இருக்காரே, அவர் பேரைக் கொடுக்க வேண்டியதுதானே! ஓ, அது உங்க வீட்டுப் பேரு. அதுல தூசி படக் கூடாது.”

ஆய்வாளர் தலை குனிந்தார். அந்த வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, எட்டி, மைத்துனனின் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேஜை மேல் விரித்தார். நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்கப்புறம் யாரும் அவரைத் திட்டவில்லை.

மறுநாள் காலை நால்வரும் நெஞ்சக மருத்துவமனையில் இருந்தார்கள். அன்று அந்த இளம் மருத்துவர் வர நேரமாகும் என்றார்கள். மைத்துனன் தன் பெயரைச் சொன்னான். முகப்புப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள்.

“உங்களுக்கு எடுக்க முடியாது சார். டாக்டர் குறிப்பு போட்டு வெச்சிருக்காரு. ‘நோய் இல்லை, பயம் மட்டுமே. கெஞ்சிக் கேட்டாலும் மறுபடி ஸ்கேன் வேண்டாம்.’”

“கெஞ்சிக் கேட்டீங்களா அத்தான்?” என்றான் மைத்துனன்.

ஆய்வாளர் முன்னே வந்தார். அன்றைக்கு அவருக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். தெரிந்த முகம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

“அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தாம்மா” என்றார் உரக்க. “இவர் இன்னைக்குத்தான் முதல் தடவை வர்றாரு. உடனே பார்க்கணும்.”

ஸ்கேன் அறைக்கு வெளியே, நீல அங்கியைப் போட்டுக்கொண்ட மைத்துனன் திடீரென்று சின்னவனாகத் தெரிந்தான். சிரிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

“உள்ள எப்படி இருக்கும் அத்தான்?”

“குளிரும். கையைத் தலைக்கு மேல தூக்கச் சொல்வாங்க. மெஷினே பேசும். ‘மூச்சை இழு’ன்னு சொன்னா இழு. ‘பிடி’ன்னா பிடி. ‘விடு’ன்னு சொல்ற வரைக்கும் விட்டுடாதே. கண்ணை மூடிக்கோ.”

“என் பக்கம் பிரேக் இல்லையே.”

“நான் வெளியவே நிக்கறேன். போ.”

கதவு மூடியது. உள்ளிருந்து இயந்திரத்தின் குரல் மெல்லக் கேட்டது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னது. வெளியே நின்ற ஆய்வாளரும் இழுத்துப் பிடித்தார். விடச் சொன்னபோது விட்டார். அப்படி ஐந்து தடவை. “நீங்க ஏங்க மூச்சை அடக்கறீங்க?” என்று மனைவி அதட்டினாள்.

வலது நுரையீரலின் அடியில் ஒரு கட்டி இருந்தது. சிறியது, வேறெங்கும் பரவவில்லை. இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்றார் மருத்துவர். நுரையீரலின் அந்தப் பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன் ஆய்வாளர், தம் மூன்று அறிக்கைகளையும் மருத்துவர் முன் வைத்தார். மருத்துவர் சிரித்துக்கொண்டே பேனாவால் பெயரை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

“தகட்டுல எண்ணை மாத்தினா மறுஆய்வு பண்ணணும் டாக்டர். எங்க துறையில அதான் சட்டம்.”

“இது எங்க துறை. எழுந்திருங்க.”

மைத்துனன் வீட்டுக்குத் திரும்பிய வாரம், ஆய்வாளரின் பழைய சக ஊழியர் ஒருவர் அவர் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். “உங்க மச்சானுக்கு இதயத்துல ஏதோன்னு சொன்னாங்களே?” என்றார். ஆய்வாளரின் மனைவிதான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு முப்பத்தைந்து வருடம் கற்றுக்கொண்ட பாடம்.

“இல்ல. நுரையீரல்ல புற்றுநோய்” என்றார் ஆய்வாளர். “எங்க அப்பாவுக்கும் அதுதான்.”

வந்தவர் காபியை வேகமாகக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக் கூரை இடிந்து விழவில்லை.

ஆய்வாளர் இன்றைக்கும் காலை ஐந்தரை மணிக்குத் தட்டிப் பார்க்கிறார். குழாயை மட்டும் திறந்துவிடுவதில்லை. வெளியிலிருந்து மனைவியின் குரல் வரும்.

“என்ன சொல்லுது?”

“ணங்னுதான் சொல்லுது.”

“அப்புறம் என்ன? வெளிய வாங்க.”

“வர்றேன். இடப்பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்.”