காகம் வராத திவசம்

அக்கா பூரணத்தைச் சலரோகம் கொண்டுபோனது என்று ஊர் சொல்லும். கொண்டுபோனது என் வாய்தான். அது எனக்கும் டாக்குத்தருக்கும் மட்டுமே தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சீனி வருத்தம். கலியாணமும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. சண்டிலிப்பாயில் ஒரு கூரையின் கீழே இரண்டு சலரோகக்காரிகள். காலையில் இருவருக்கும் நான்தான் இன்சுலின் ஊசி போடுவேன். தொண்ணூறில் சண்டை தொடங்கிக் கரண்ட் போன பிறகு குளிர்ப்பெட்டி வெறும் பெட்டியானது. மருந்துப் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி, சின்ன வாளிக்குள் வைத்து, கிணற்றுக்குள் தண்ணீருக்குச் சற்று மேலே தொங்கவிட்டேன்.

பனங்கட்டியை அலுமாரியில் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருந்தேன். அக்கா மகா கள்ளி. இனிப்பைக் கண்டால் இடக்கையால் அள்ளிப் போட்டுவிட்டு மணிக்கட்டுவரை நக்குவாள். பிறவி இடக்கைக்காரி. அதற்கும் என்னிடம் பேச்சு வாங்குவாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒருநாள், ஊசி போட்ட பிறகு, பிட்டு காய்ந்துபோச்சு என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழும்பிப் போனாள். மத்தியானம் குசினி வாசலில் வந்து நின்றாள். சட்டையெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

"குணம், ஒரு துண்டு பனங்கட்டி தாடி."

"நடிக்காதையுங்கோ அக்கா. களவாய்த் திண்டதுதான் இப்ப வேர்க்குது" என்றேன்.

என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தாள். நாக்குக் குழறியது. போய்ப் படுத்தவள் எழும்பவேயில்லை.

"சீனி கூடினதில்லையம்மா, இறங்கினது" என்றார் டாக்குத்தர். "ஊசி போட்டிட்டுச் சாப்பிடாட்டில் மருந்து ஆளைத்தான் தின்னும். அந்த நேரம் ஒரு துண்டு பனங்கட்டி குடுத்திருந்தால் எழும்பியிருப்பா."

அந்தச் சொல்லோடுதான் ஒரு வருசம் படுத்து எழும்பினேன்.

ஆட்டைத் திவசம் வந்தது. உயிரோடு இருந்தபோது மறித்ததையெல்லாம் இலையில் கொட்டினேன். சர்க்கரை போட்டுப் பொங்கின புக்கை, மோதகம், பனங்கட்டி. ஐயர் போன பிறகு படையல் இலையைக் கொண்டுபோய் மதிலில் வைத்தேன். செத்தவர்கள் காகமாய் வந்து சாப்பிட்ட பிறகுதான் நாங்கள் வாய் நனைக்கலாம். காகம் எப்போதும் காத்துக்கொண்டுதானே நிற்கும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். கை பழகின பழக்கத்தில் காலை ஏழு மணிக்கே ஊசியைப் போட்டுவிட்டேன்.

இலை வைத்த கொஞ்ச நேரத்தில் வானத்தில் பொம்மர் வந்தது. எங்கேயோ தெற்கே இரண்டு குண்டு விழுந்தது. பனைகளில் இருந்த காகங்கள் முழுவதும் ஒரேயடியாய் எழும்பிப் போயின.

"கா, கா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு அமைதியை நான் அந்த வளவில் கேட்டதேயில்லை.

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு நல்லம்மா மாமி என் முகத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, ஊசி போட்டனியெல்லே? வாயிலை ஏதும் வை."

"அக்கா சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டன் மாமி. அவவைப் பட்டினி போட்டது போதும்."

"உன்ரை பிடிவாதத்துக்கு மருந்தில்லை" என்று திட்டிக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் போனார்.

வெயில் உச்சிக்கு வந்தது. எனக்குக் குளிர்ந்தது. உதட்டோரம் விறைத்தது, முதுகில் வியர்வை வழிந்தது. இது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருந்தேன். காற்றே இல்லை, ஆனால் கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. மருந்து வாளி தானாக ஆடியது.

குசினி வாசலில் அக்கா நின்றாள். அதே சட்டை. தலையில் இருந்து வியர்வை சொட்டி நிலம் நனைந்தது.

"குணம், ஒரு துண்டு பனங்கட்டி தாடி."

நான் குழறி அழுதேன். "அங்கை இருக்கு அக்கா. முழுக்க உங்களுக்குத்தான். எடுங்கோ."

"எனக்கு எட்டேலாது. நீ எடுத்துத் தா."

எழும்பினேன். கால் என்னுடையதாய் இல்லை. மதிலைப் பிடித்தேன். அவள் எனக்குப் பின்னால் மிக நெருக்கமாய் வந்து நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் ஈரமாய்ப் பட்டது. அவ்வளவுதான் எனக்கு நினைவு.

கண் விழித்தபோது என் தலை நல்லம்மா மாமியின் மடியில் கிடந்தது. மாமி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதிலடியில் இலை விழுந்து கிடந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை.

"அம்மாளாச்சி, கண்ணைத் திறந்திட்டாய். இலை வெறுமையாய்க் கிடக்கு, காகம் வந்ததே பிள்ளை?"

நான் என் கைகளைப் பார்த்தேன். என் வலக்கை சுத்தமாய்க் காய்ந்து இருந்தது. இடக்கை விரல்களில் புக்கை ஒட்டியிருந்தது. பிறந்ததில் இருந்து அந்தக் கையால் நான் ஒரு வாய் உண்டதில்லை. விரலுக்குக் கீழே, மணிக்கட்டுவரை, நக்கின ஈரம் இன்னும் காயவில்லை.

"ஓம் மாமி" என்றேன். "அக்கா சாப்பிட்டிட்டா."