பதினொன்றாம் திருத்தம்

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பலாவளவுக்கு மேற்கே இருந்த குன்று அரை பர்லாங்கு வடக்கே நகர்ந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. மேலே மேய்ந்துகொண்டிருந்த இருபத்திரண்டு ஆடுகளும் மேய்ச்சலை நிறுத்தவில்லை. சரிவில் நின்ற சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறியிருந்த மிளகுக் கொடிகள், ஒரு மரத்தில் ஏணி சாத்திக் கொடி கட்டிக்கொண்டிருந்த ஆள் எல்லாம் குன்றோடு போய்ச் சேர்ந்தன. ஏணியிலிருந்து இறங்கியவர் தன் வீடு எந்தப் பக்கம் என்று கொஞ்சம் தடுமாறினார், அவ்வளவுதான். அன்று சோளக்காட்டுச் சந்தையில் மரவள்ளிக் கிழங்கு கிலோ பதினெட்டு ரூபாய்க்குப் போனது.

காரணம் ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. கலைமணிக்கு மட்டும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பத்து இருபத்தெட்டுக்குத்தான் அவள் பாறைமேல் உட்கார்ந்து, தான் வரைந்த படத்தின் மூன்றாவது திருத்தத்தை பெங்களூருக்கு அனுப்பியிருந்தாள். ஊரில் அந்தப் பாறைமேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ‘குன்றைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்க மேடம், பேர் எழுத இடம் வேணும்’ என்று அங்கே படத்தைக் கேட்டிருந்த கம்பெனிக்காரர் ரமேஷ்குமார் எழுதியிருந்தார். அவள் திரையில் குன்றை விரலால் பிடித்துத் தள்ளினாள், அனுப்பினாள், நிமிர்ந்தாள். எதிரே நிஜக் குன்றும் தள்ளிப் போய் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். பயம் வருவதற்கு முன்னால், படம் வரையும் தொழிலில் இருக்கும் யாருக்கும் வரக்கூடிய எண்ணம்தான் அவளுக்கும் வந்தது: இந்த இடமும் நன்றாகத்தான் இருக்கிறது.

கலைமணிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. சேலத்தில் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு விளம்பர ஆபீசில் ஆறு வருஷம் லேபிளும் அட்டையும் வரைந்தவள். கொரோனா வருஷத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது கம்ப்யூட்டரோடு மலையேறினாள். திரும்பக் கூப்பிட்டபோது இறங்கவில்லை. மலையின் அமைதிதான் அவள் கற்பனைக்கு ஊற்று என்று வேலை கொடுப்பவர்கள் நம்பினார்கள். அவளும் மறுத்துச் சொன்னதில்லை. உண்மையில் பலாவளவில் இருபது வீடும் மூன்று ஒலிபெருக்கியும் இருந்தன. அவள் எழுத்து வடிவங்களை எடுத்தது உர மூட்டையிலிருந்தும் பஸ்ஸின் பக்கவாட்டிலிருந்தும். கோடுகளைக் கற்றது காயப்போட்ட கேழ்வரகில் கோழி நடந்துபோன தடத்தில். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கும் என்ற சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டு அத்தாயியின் துணிக்கொடியைப் பார்ப்பாள். கத்தரிப்பூ நிற நைட்டியில் மஞ்சள் பூப் போட்ட துணிச்சல் எந்தப் புத்தகத்திலும் அவளுக்குக் கிடைத்ததில்லை. பார்த்ததை நோட்டில் ஏழெட்டு முறை கிறுக்கி, தேறியதை டேப்லெட்டில் ஏற்றி, கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவதுபோல லேயர் லேயராகப் பிரித்து வரைவாள். வானம் ஒரு லேயர், குன்று ஒன்று, மரம் ஒன்று, ஆள் ஒன்று. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் குறி இருக்கும். அந்தக் கண்ணை மூடினால் லேயர் மறையும், அழியாது.

ரமேஷ்குமாரின் கம்பெனி சாமை அரிசியைப் பாக்கெட்டில் போட்டுப் பெரிய ஊர்களில் விற்கப் புறப்பட்டிருந்தது. அதற்கு மேலட்டைப் படம் கேட்டபோது கலைமணி பாறைமேல் இருந்து தெரிந்ததையே வரைந்தாள்: வானம், குன்று, பலாமரம், அத்தாயியின் நீலத் தகர வீடு, வீட்டு வாசலில் நைட்டிக்கு மேல் செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சாமை புடைக்கும் அத்தாயி. ரமேஷ்குமார் மரியாதை தெரிந்த மனிதர். “சூப்பர் மேடம். ஒரே ஒரு சின்னத் திருத்தம்” என்றார். வானம் இன்னும் நீலமாக வேண்டும் என்றார். ஐப்பசி மூடுபனியில் நாலு நாள் பளிச்சென்று வெயிலடித்தது. மரத்தில் இன்னும் இரண்டு பலாப்பழம் வேண்டும் என்றார். பருவம் தப்பி இரண்டு பழம் தொங்கியது, அத்தாயி அறுத்துச் சந்தைக்குக் கொண்டுபோனாள். மூன்றாவதுதான் குன்று. அதனால் அத்தாயியின் காட்டுக்குச் சாயங்கால வெயில் முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. கண்டக்டர் ராசுவுக்கு மட்டும் மனக்குறை. “ஏனுங்க அம்மிணி, எழுபது வளைவுன்னு போர்டு வெச்சிருக்குது. இப்ப எழுபத்தொண்ணு வருது. எங்க டிரைவர் எண்ணிக்கிட்டே ஓட்டுறவருங்க, கணக்கு தப்புனா அவருக்குத் தலை சுத்துது” என்று பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்.

விஷயம் பரவியதும் ஆளாளுக்குக் கோரிக்கையோடு வந்தார்கள். கலைமணி கேட்டதையெல்லாம் வரைந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவளே ஆசைப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு செண்பக மரம் வரைந்தாள், முளைகூட விடவில்லை. ஊர்க்காரர் விருப்பமோ வரைந்தவள் விருப்பமோ செல்லாது, காசு கொடுப்பவர் சொல்லும் திருத்தம்தான் செல்லும் என்பது அப்போது விளங்கியது. இதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை, தொழிலில் பத்து வருஷமாகப் பார்ப்பதுதான். வழியும் தொழிலிலேயே இருந்தது. திருத்தியே தீருவேன் என்கிற ஆளுக்கு, திருத்துவதற்கென்று ஒரு பிழையை வரைந்து வைப்பார்கள்; அவர் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். கலைமணி படத்தின் ஓரத்தில், ஓடையில் இடிந்து கிடந்த தரைப்பாலத்தை இன்னும் கோரமாக வரைந்து வைத்தாள். ‘அந்தப் பாலம் கண்ணை உறுத்துது, சரி பண்ணிடுங்க’ என்று ஆறாவது திருத்தம் வந்தது. மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால் நனையாமல் ஓடை தாண்டினார்கள். எட்டு வருஷமாக ஊரார் எழுதிப்போட்ட மனுக்களின் நகல்களைக் கட்டிப் பரணில் வைத்தார்கள்.

ஒன்பதாவது திருத்தம் கார்த்திகையில் வந்தது. நீலத் தகர வீட்டை எடுத்துவிட்டு ஓட்டு வீடு போட வேண்டும். வாசலில் இருக்கும் அம்மாவும் வேண்டாம். மலை மண்ணின் அசல் வாசனை படத்தில் இல்லை, நைட்டி அதைக் கெடுக்கிறது. முடியாவிட்டால் சொல்லலாம், பெங்களூரிலேயே வேறு ஒருவரிடம் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள்.

கலைமணி இரண்டு நாள் பாறைப் பக்கமே போகவில்லை. மறுத்தால் அந்த வேறு ஒருவர் ஒன்றும் தெரியாமல் அத்தாயியை அழித்துவிடுவார். மூன்றாம் நாள் அத்தாயியிடமே போய்ச் சொன்னாள். அத்தாயி முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“எடுத்துட்டா என்னை எங்க கொண்டுபோயி வெப்பாங்களாம்?”

“தெரியலீங்க சின்னம்மா. ஆனா நான் அழிக்க மாட்டேன். கண்ணை மட்டும் மூடுறேன். நீங்க இங்கயேதான் இருப்பீங்க, அந்தப் படத்தைப் பாக்குறவங்க கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டீங்க.”

“இப்ப மட்டும் தெரியறனாக்கும்?” என்றாள் அத்தாயி. இன்னும் இரண்டு வீச்சுப் புடைத்தாள். “சரி கண்ணு, மூடு. களத்து வேலை மட்டும் முடியட்டும்.”

களத்து வேலை முடிந்த வெள்ளிக்கிழமை கலைமணி அத்தாயி இருந்த லேயரின் கண் குறியை மூடினாள். தகர வீட்டின்மேல் ஓட்டு வீடு ஒன்றை வரைந்து போர்த்தி அனுப்பினாள். அன்று வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. பத்தாவது திருத்தம் எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னது. பஸ் நிறுத்தத்துப் பெயர்ப்பலகை நாலு பேர் நிழலுக்கு ஒதுங்கும் அளவுக்கு வளர்ந்தது.

மார்கழியில் பாக்கெட் கடைக்கு வந்தது. பலாவளவில் யாரும் அதைப் பார்க்கவில்லை. விளைகிற ஊரில் சாமையைப் பாக்கெட்டில் வாங்குவார் இல்லை. ஆகவே ஊர்க்காரர் கண்ணுக்கும், மூடிய லேயர் உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்த வரைந்தவள் கண்ணுக்கும் அத்தாயி வழக்கம்போல் தெரிந்தாள். பாக்கெட்டைப் பார்த்துவிட்டு மலையேறி வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் ஓட்டு வீட்டின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். மழை வந்து வீட்டுக்குள் ஒதுங்கியவர்களுக்குத் தலைக்கு மேல் தகரச் சத்தம் கேட்டது. மலையில் அப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டார்கள். ரமேஷ்குமாரே ஒருநாள் கேமராக்காரரோடு வந்தார். “இங்க விவசாயம் பண்றவங்க யாருமே கண்ணுல படலையே மேடம், எல்லாரும் டவுனுக்குப் போயிட்டாங்களா?” என்று வருத்தப்பட்டார். அத்தாயி ஒரு கை தூரத்தில் நின்று அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிளம்பும்போது கார் சீட்டின்மேல் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. கம்பெனி ஏற்பாடு என்று நினைத்துச் சாப்பிட்டார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அத்தாயி சிரித்தாள். கலைமணிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை.

பொங்கலுக்கு அத்தாயியின் மகள் தேன்மொழி வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறவள். அங்கே ஒரு கடையில் தன் ஊர்ப் பெயர் போட்ட பாக்கெட்டைப் பார்த்துப் பெருமை தாங்காமல் ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, தன் வீடு இருந்த இடத்தில் யாருடையதோ ஓட்டு வீட்டைப் பார்த்து வழியில் நின்றாள்.

“ஏஞ் சாமி அங்கயே நின்னுட்ட? பஸ்ஸுல எடம் கெடச்சுதா?” என்று குரல் வந்தது. ஆளைக் காணோம்.

மூன்று நாள் தேன்மொழி அந்த வீட்டில் இருந்தாள். சோறு தட்டில் விழுந்தது, சாப்பிட்டாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கை எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னியது. திரும்பாமல் உட்கார்ந்து அழுதாள். கையை எட்டிப் பிடித்தால் சட்டைக் கை தட்டுப்பட்டது, அப்பாவின் சட்டை. மாட்டுப் பொங்கலன்று அத்தாயி கலைமணி வீட்டுக்கு வந்தாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

“கண்ணு, போதும். ஊரான் பாக்காட்டிப் போறான். பெத்த புள்ளை செவுத்தப் பாத்துப் பேசுது. அந்தக் கண்ணைத் தொறந்து உடு.”

கலைமணி ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தாள். அவள் திறந்தால் செல்லாதே. ஒரு கிலோ பாக்கெட்டுக்காக அதே படத்தைப் புதிய அளவில் அனுப்ப வேண்டியிருந்தது. அதில், ஆளில்லாத ஓட்டு வீட்டு வாசலில், சாமை தூவிய முறம் ஒன்றை மட்டும் அந்தரத்தில் தொங்கவிட்டு அனுப்பினாள். ரமேஷ்குமார் விடுமுறையில் இருந்தார். தேன்மொழிக்கு மறுநாள் மூன்று மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். திங்கட்கிழமை போகாவிட்டால் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

மறுநாள் ஒரு மணியிலிருந்து கலைமணி குடையோடு பாறைமேல் இருந்தாள். கீழே பெயர்ப்பலகை நிழலில் தேன்மொழி பையோடு நின்றாள். பக்கத்தில் அத்தாயி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று மணிக்கு பஸ் வந்தது. ராசு பாறையை அண்ணாந்து பார்த்தார். கலைமணி கையை அசைத்து நிறுத்தச் சொன்னாள். “வண்டி சூடாயிடுச்சுங்க, பத்து நிமிஷம் ஆவுங்க” என்று ராசு பயணிகளிடம் பொய் சொன்னார். மூன்று பன்னிரண்டுக்குப் பதில் வந்தது: ‘முறம் அந்தரத்தில் தொங்குது மேடம். யாராவது பிடிச்ச மாதிரி போட்டுடுங்க, யாரா இருந்தாலும் பரவாயில்லை.’ கலைமணி மூடியிருந்த கண் குறியைத் திறந்தாள், அனுப்பினாள், எழுந்து கீழே பார்த்தாள். தேன்மொழி பையை நழுவ விட்டாள். பக்கத்தில் அம்மா, நைட்டியும் சட்டையுமாக, மூன்று நாளாக அழுத முகத்தோடு நின்றாள்.

“இளைச்சுட்டியேம்மா” என்றாள் தேன்மொழி.

பஸ் மூன்றரைக்குப் புறப்பட்டது. ரமேஷ்குமாரிடமிருந்து அன்றே இன்னொரு பதிலும் வந்தது. ‘யார் மேடம் இந்த அம்மா? எவ்வளவு இயல்பா இருக்காங்க! முதல்லயே இவங்களைப் போட்டிருக்கலாமே.’ கலைமணி நன்றி என்று எழுதினாள். இந்தப் பதிலுக்கு வேறு எதுவும் எழுதக்கூடாது என்று தொழில் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அடுத்த ஆடியில் ரமேஷ்குமார் கம்பெனி மாறி, ஓர் உப்புக் கம்பெனிக்குப் போனார். அங்கேயும் அட்டைப் பட வேலை கலைமணியிடமே வந்தது. பலாவளவையே வரையச் சொன்னார், அந்த ஊர் ராசியானது என்றார். முதல் திருத்தமாக, பின்னணியில் கடல் இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். கலைமணி ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டினாள். ஒரு பொழுது பேசினார்கள். மேற்கே வேண்டாம், மிளகுக்கு உப்புக்காற்று ஆகாது என்றார்கள். தெற்கே சுடுகாடு. கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம், புறம்போக்கு சும்மாதான் கிடக்கிறது என்று அத்தாயி சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பஸ் நிறுத்தம் இருக்கும் இடத்திலேயே இருக்குமா என்று மட்டும் ராசு கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கடல் வியாழக்கிழமை வந்தது. முதல் இரண்டு நாள் கொஞ்சம் இரைச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.